தண்ணீர் மறித்த வயல்

காலையில் வயலுக்குப் போக நான் ஏறிய பஸ் பரந்தன் சந்தியைக் கடந்தபோது தொலைபேசி அடித்தது. திலகவதி அக்காவின் தம்பி. "அக்கா எங்களை விட்டுப் போட்டா" என்றவர், அதற்குமேல் கதைக்க முடியாமல் வைத்துவிட்டார்.

அக்காவை, வறட்சியைத் தாங்கும் நெல்லுக்காக வெளிநாட்டில் பரிசு பெற்ற விஞ்ஞானி என்று பத்திரிகைகள் எழுதும். சரிதான். அவரோடு வேலை செய்த எனக்கோ, அந்த நெல்லே கைநழுவிப்போக இருந்த ஒரு மத்தியானந்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

அது மழையில்லாத சிறுபோகம். ஸ்கந்தபுரத்தில் இராசையா அண்ணை தந்த காணியில் பரீட்சைப் பயிர் விதைத்திருந்தோம். கதிர் வெளிவரும் நேரம் பார்த்துத் தண்ணீரை மறித்தோம். தாங்கி நிற்கும் பயிரைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லை. ஆனால், வயிற்றில் கதிரோடு நிற்கும் குடலைப் பயிரைக் காயவிடுவது அந்த ஊரில் பெரும் பாவம். பகையாளியின் வயலென்றாலும் வாய்க்காலைத் திருப்பிவிடுவார்கள். எங்கள் பயிர் சுருண்டதைக் கண்ட அயலவர்கள் மனம் பொறுக்காமல், தங்கள் முறைத் தண்ணீரையே எங்களுக்குத் தர முடிவெடுத்துவிட்டார்கள். ஒருமுறை பாய்ந்தால் போதும், அத்தனை வருட உழைப்பும் பாழ்.

வாய்க்காலை வெட்டிவிட மண்வெட்டியோடு வந்த இராசையா அண்ணையை அக்கா வாய்க்கால் வாயில் மறித்தார்.

"வெட்டாதேங்கோ அண்ணை."

"வயித்துப்பிள்ளைக்காரிக்குத் தண்ணி குடுக்காத சனமோ நீங்கள்? விலத்துங்கோ மிஸ்!" அவர் மண்வெட்டியை ஓங்கிவிட்டார்.

அக்கா அசையவில்லை. "நானும் வயித்தில பிள்ளையோட, சண்டை நேரம் பங்கருக்குள்ள தண்ணியில்லாமல் கிடந்தனான் அண்ணை. பிள்ளை தங்கேல்லை. நான் எப்பிடித் தப்பினன் எண்டு இண்டைக்கும் தெரியாது. இந்தப் பயிரிட்டையாவது அதைக் கேக்க விடுங்கோ."

பலகாலம் பழகிய எனக்கே அது அன்றுதான் தெரியும். இராசையா அண்ணை மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வரம்பில் குந்தினார். பயிர் பெரும்பாலும் கருகியது. ஒரு மூலையில் மட்டும் சில கதிர் தள்ளின. அவற்றின் வழிவந்ததுதான் பரிசு வாங்கிய நெல்.

பரிசு கிடைத்த சந்தோஷம் எப்படி என்று கேட்டவர்களுக்கு, "காஞ்சு போனதுகளையும் நினைச்சனான்" என்று மட்டும் அக்கா சொன்னார். கேட்டவர்களுக்கு விளங்கியிருக்காது.

நாளை வவுனியாவில் இறுதிக்கிரியை. இங்கே என் பொறுப்பிலுள்ள பயிர் குடலையில் நிற்கிறது. தண்ணீரை மறித்திருக்கிறேன். நான் ஒருநாள் நகர்ந்தால் யாரேனும் இரங்கிவிடுவார்கள். அவரை அறிந்தவர்களே, நான் வரமாட்டேன், கோபிக்காதீர்கள். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்தக் கல்மனம் ஒன்றுதான். அதுவும் முழுக்கக் கல்லாகியிருந்தால், இதை எழுதும்போது இப்படி அழுதுகொண்டிருக்க மாட்டேன்.