கத்தரிப் பாத்தியும் கோமதியின் தோளும்

போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஒரு கூடை கத்தரிக்காய் வந்தது. இனாம்! இனாமாக எது வந்தாலும் எனக்கு நிம்மதி போய்விடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே? இந்தக் கூடைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது...

சாரல் நேரத்தில் குற்றாலம் ஐந்தருவிப் பாறையில் வழுக்கி விழுந்தாள் என் மனைவி கோமதி. தோள் பிசகிவிட்டது. டாக்டர் சரிசெய்து கட்டுப் போட்டார். கட்டை அவிழ்த்துப் பார்த்தால், வலது கை மார்புக்கு மேல் எழும்பவில்லை. சோறு பிசையலாம், தலை முடிய முடியாது. தினமும் என் அண்ணிதான் கொண்டை போட்டுவிடுவாள் — கூடவே ஒரு பெருமூச்சும் விடுவாள். அந்தப் பெருமூச்சு கோமதியைத் தோள்வலியைவிட அதிகமாக வாட்டியது.

எங்கள் பக்கத்தில் உடம்புக்கு எது வந்தாலும் ஒரே மருந்து — அருவி. தண்ணீர் அடிக்கிற அடியில் பிடிப்பு விட்டுவிடும் என்றார்கள். தோளைக் காட்டினோம். கொஞ்சம் எழும்பிய கையும் எழும்பாமல் போயிற்று.

அப்போதுதான் பக்கத்து ஊரான குத்துக்கல்வலசையில் இருக்கும் சுடலைமுத்துவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பட்டாளத்து ஆஸ்பத்திரியில், அடிபட்ட சிப்பாய்களின் கைகால்களை அசைத்துப் பழக்கும் வேலையில் இருந்துவிட்டு வந்தவர். போனோம். இனி அருவிப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்றார் எடுத்த எடுப்பில். குற்றாலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அருவியையே வேண்டாம் என்கிற ஆளை எப்படி நம்புவது?

தைலம் கிடையாது. பற்றும் கிடையாது. இந்தக் கையால் என்ன செய்ய ஆசை என்று மட்டும் கோமதியிடம் கேட்டார்.

"என் தலைய நானே முடியணும்" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நேரே புறவாசல் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். கப்பியில் வெறும் கயிறு. ஒரு முனையை இடது கையால் இழுத்தால், மறுமுனையைப் பிடித்த வலது கை மெல்ல மேலே போகும். சரி, இதுவரை நியாயம். கொஞ்ச நாளில் கயிற்றில் வாளி ஏறியது. வாளித் தண்ணீர் கத்தரிப் பாத்திக்குப் போயிற்று. அந்தப் பக்கம் பார்த்தால், முழங்கால் மடங்காத ஒருவர் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கிறார்; விரல் பிடித்துக்கொண்ட ஓர் அம்மாள் முறுக்கு மாவு பிசைகிறாள். எனக்குப் பொறி தட்டியது. இது வைத்தியமா, வீட்டு வேலைக்கு ஆள் பிடிப்பா?

கேட்டே விட்டேன். மனிதர் அசரவில்லை.

"வேல வாங்கத்தான் செய்யுதேன், அண்ணாச்சி. வெறுங்கயித்த இழுக்கச் சொன்னா நாலு நாள்ல சலிச்சு நின்னுருவாவ. செடி வாடுதேன்னு நெனச்சா, வலிச்சாலும் வருவாவ."

பதில் நன்றாகத்தான் இருந்தது. இத்தனை நன்றாகப் பதில் சொல்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. திரும்பும்போது வண்டியிலேயே கோமதியிடம் சொல்லிவிட்டேன், இனி போக வேண்டாம் என்று.

"நாளைக்கு நான் போகலேன்னா பிஞ்செல்லாம் வெம்பிரும்" என்றாள். ஆக, இவளையும் மயக்கிவிட்டான்!

போன வாரம் ஒரு காலை. வழக்கம்போல் அண்ணி சீப்போடு வந்து நின்றாள். கோமதி சீப்பை வாங்கிக்கொண்டாள். வலது கை மெல்ல மெல்லப் பிடரிக்குப் போயிற்று. முடியைச் சுருட்டினாள், செருகினாள். கோணல் கொண்டைதான். ஆனாலும் அவளே போட்டது! அண்ணிக்குப் பெருமூச்சு விட மறந்துபோயிற்று.

அன்று சாயங்காலம்தான் கத்தரிக்காய்க் கூடையோடு சுடலைமுத்து வந்தார். மனசார நன்றி சொல்லலாம் என்று எழுந்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முதுகு லேசாக் கூனுதே, அண்ணாச்சி... எங்க வீட்டுல வெறகு கொஞ்சம் பொளக்காமக் கெடக்கு."

அன்றிலிருந்து நான் நிமிர்ந்தே நடக்கிறேன்.