வெள்ளிக்கிழமைச் சொசேஜ்

அப்படித்தான் பிள்ளை, மூலை வீட்டுக்காரி வெள்ளிக்கிழமையில் மீன் பொரித்தாள் என்று இந்தத் தெரு முழுக்கக் கதை. பொரித்தால் பொரிக்கட்டும். அவள் வீட்டு அடுப்பு, அவள் வாங்கின மீன். யன்னலைச் சாத்திவிட்டுப் பொரித்திருக்கலாம், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வருகிறது. நீ இங்கே வர முந்தி நடந்தது. தேத்தண்ணியை ஆற விடாதே, குடித்துக்கொண்டே கேள்.

நாங்கள் அப்போது லிட்கம் என்கிற இடத்தில் இருந்தோம். பேத்தி இரண்டாம் வகுப்பு. மகளுக்கு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. மருமகன் தபால் பிரிக்கிற இடத்தில் இருந்தார். அதனால் பள்ளிக்கூடம் விட்டால் நானும் அவளும்தான். புதன்கிழமைகளில் அவளுடைய பையில் ஒரு நியூஸ்லெற்றர் வரும். ஒரு கிழமை பச்சைத் தாள், ஒரு கிழமை மஞ்சள். வாழைப்பழத் தோலோடு கசங்கித்தான் வரும். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். தமிழும் இல்லை, இங்கிலிசும் இல்லை. ஆனால் அந்தத் தாள் வருகிற நாள் எனக்குக் கொண்டாட்டம். குசினிக் கதிரையில் சாய்ந்து இருந்துகொள்வேன். அவள் நின்றபடி வாசித்து, தமிழில் சொல்வாள். எந்த வகுப்பில் தலைப்பேன் வந்திருக்கிறது, யாருடைய தொப்பி காணாமல் போனது, எந்த ரீச்சருக்குக் குழந்தை பிறந்தது, எல்லாம் எனக்குத் தெரியும். என் மகளுக்குத்தான் ஒன்றும் தெரியாது.

வாசித்து முடிகிற இடத்தில் அவள் ஒன்றைத் தானாகச் சேர்ப்பாள்.

"அம்மம்மா, கீழை போட்டிருக்கு, எல்லா அம்மம்மாவும் இண்டைக்குப் பிள்ளையளுக்குச் சொக்லேற் பால் குடுக்கோணுமாம்."

"ஆர் சொன்னது, பிறின்சிப்பலோ?"

"ஓம், பிறின்சிப்பல்தான்."

"சீனி எத்தினை கரண்டியாம்?"

"மூண்டு."

நான் மூன்று கரண்டி போடுவேன். பிறின்சிப்பல் சொன்னால் மறுக்கலாமா?

குளிர்கால விடுமுறைக்கு முந்தி வந்தது மஞ்சள் தாள். பள்ளித் தவணை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்றைக்குப் பள்ளிக்கூடம் நேரத்தோடு விடும். பெயர் தைக்காத ஸ்வெற்றர்கள் ஒபிஸ் வாசலில் குவிந்து கிடக்கின்றன, வந்து எடுக்காவிட்டால் பழைய உடுப்புக் கடைக்குப் போய்விடும். நான் "ஐயோ பாவம், ஆர் பெத்த பிள்ளையளோ விறைக்குதுகள்" என்று சொல்லிக்கொண்டிருக்க, அவளுடைய குரல் இறங்கிவிட்டது. கடைசி நாள் மத்தியானம் எல்லாப் பிள்ளைகளுக்கும் முற்றத்தில் மாட்டிறைச்சிச் சொசேஜ் சுட்டுப் பாண் துண்டுக்குள் மடித்துக் கொடுக்கிறார்களாம். வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

எங்கள் வீட்டில் வெள்ளியில் மச்சம் இல்லை, மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. மற்ற வருசம் என்றால் சின்னப்பிள்ளைதானே என்று கண்ணை மூடியிருப்பேன். அந்த வருசம் என் கடைசி மகன் கொழும்பில் விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தான். அவன் வந்து சேரும்வரைக்கும் இந்த வீட்டில் ஒருவர் வாயிலும் வெள்ளியில் மச்சம் படாது என்று பிள்ளையாருக்கு நேர்ந்திருந்தேன். ஒருவர் வாயிலும் என்றால் அதற்குள் பேத்தியின் வாயும் வந்துவிடுகிறது. நேரும்போது சொசேஜை யார் நினைத்தது?

மருமகன் வந்ததும் அவரிடம் சொன்னேன்.

"மாமி, ஒரு நாள்தானே. சாமி கோவிக்காது."

"சாமி கோவிக்காது தம்பி. நான் எல்லோ வாக்குக் குடுத்தனான்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு குளிக்கப் போய்விட்டார். பேத்தி கட்டிலில் முகம் குப்புறக் கிடந்தாள். நான் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவினேன்.

"சொசேஜ் அவ்வளவு ருசியோ?"

"எனக்குச் சொசேஜ் வேண்டாம்."

"அப்ப என்னத்துக்கு அழுறாய்?"

"எனக்கு லைனிலை நிக்கோணும். எல்லாரும் நிப்பினம். நான் மட்டும் லஞ்ச் பொக்ஸோடை வாங்குப் பலகையிலை இருக்கிறதோ?" பிறகு மெல்லச் சொன்னாள். "என்ரை ஃப்ரெண்ட் எனக்கு முன்னுக்கு நிக்கிறன் எண்டவள்."

அந்தச் சிநேகிதி லெபனான்காரப் பிள்ளை, கண் இரண்டும் திராட்சைப்பழம் மாதிரி. அந்தத் தவணைதான் புதிதாக வந்து சேர்ந்தவள். என் பேத்திக்கு அதற்கு முந்திச் சொல்லிக்கொள்ள ஒரு சிநேகிதி இருந்ததில்லை. இப்போது விளங்கிவிட்டது. இவளுக்குத் தேவை இறைச்சி இல்லை, வரிசை.

வியாழக்கிழமை பின்னேரம் உருளைக்கிழங்கு அவித்தேன். கடலைப் பருப்பை அரைத்துச் சேர்த்து, நிறத்துக்குக் கொஞ்சம் பீற்றூட் பிழிந்து, நீளநீளமாக உருட்டி, ரஸ்க் தூளில் பிரட்டி வைத்தேன். மருமகன் வந்து எட்டிப் பார்த்தார்.

"மாமி, சொசேஜ் எண்டுறது இவ்வளவு வடிவா இராது."

"நீர் பேசாமல் போம்."

ஆனால் செய்தால் மட்டும் போதுமா? மாட்டிறைச்சி சுடுகிற தகட்டில் வைத்தால் என் கிழங்கும் மச்சம்தான். எங்கள் குசினியில் மீனுக்கு வேறு சட்டி, மரக்கறிக்கு வேறு சட்டி. கை தவறிக்கூட மாற்றுவதில்லை. அதனால் வெள்ளிக்கிழமை மரக்கறி பொரிக்கிற தாச்சிச் சட்டியை மருமகன் கட்டிக் கிழித்த பழைய சாரத்தில் சுற்றி, சந்தைக்கு இழுத்துப் போகிற ட்ரொலிக்குள் வைத்து, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். காதை வெட்டிக்கொண்டு போகிற காற்று. ரோட்டிலே கட கட என்று சத்தம்.

முற்றத்தில் அடுப்படியில் இரண்டு பேர். ஒருவர் சிவப்புத் தாடிக்காரர், யாரோ ஒரு பிள்ளையின் தகப்பன். மற்றது மலேசியாத் தமிழ்ப் பெண், படிக்க வந்து இங்கேயே தங்கினவள். பள்ளிக்கூட வாசலில் தினமும் காண்கிறவள்தான்.

"என்ன ஆண்ட்டி, சட்டியோட வந்துட்டீங்க?"

"பிள்ளை, ஒரு உதவி. இதுகளை இதுக்குள்ளை பொரிச்சு, என்ரை பேத்தி லைனிலை வரேக்கை அந்த இடுக்கியாலை எடுத்துக் குடும். மற்றப் பிள்ளையளுக்குக் குடுக்கிற மாதிரியே."

"வெள்ளிக்கிழமையா?"

"ஓம்."

"எங்க அம்மாவும் இப்படித்தான், விடவே மாட்டாங்க. குடுங்க ஆண்ட்டி, நான் பாத்துக்குறேன்."

அவள் தாடிக்காரரிடம் இங்கிலிசில் என்னவோ சொன்னாள். அவர் தாச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நோ வொறிஸ்" என்று சொல்லிச் சொசேஜ் முழுவதையும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, பிறந்த பிள்ளையை வாங்குகிற மாதிரித் தாச்சியை வாங்கினார். நான் போய் வேலியோரம் நின்றுகொண்டேன்.

வரிசை நகர்ந்தது. முன்னுக்குச் சிநேகிதி, பின்னுக்கு என் பேத்தி. அந்தப் பிள்ளை தன் பாணை வாங்கிக்கொண்டு விலகினாள். இவளுடைய முறை வந்தது. மலேசியாப் பெண் இடுக்கியால் தூக்கினாள். பாதி வழியில் என் சொசேஜ் இரண்டாக உடைந்து தாச்சிக்குள் விழுந்தது. திரும்பத் தூக்க, நாலாக உடைந்தது. பின்னுக்கு நின்ற பிள்ளைகள் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். மகனின் விசாவுக்குக்கூட நான் அப்படிக் கும்பிட்டிருக்க மாட்டேன். கடைசியில் தூளை அள்ளிப் பாணில் போட்டு, மேலே சோஸ் ஊற்றிக் கொடுத்தாள். பேத்தி பாணை மடித்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு போய்ச் சிநேகிதிக்குப் பக்கத்தில் வாங்குப் பலகையில் இருந்தாள். எனக்கு இரண்டு முதுகுதான் தெரிந்தது.

பள்ளிக்கூடம் விடும்வரை வாசலில் நின்றேன். வந்தவள் ட்ரொலியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ரோட்டைக் கடந்த பிறகு நானே கேட்டேன்.

"கண்டு பிடிச்சிட்டாளோ?"

"அவள் என்ரை பாணைப் பாத்திட்டு, 'வேர் இஸ் யோர் சொசேஜ்?' எண்டு கேட்டவள்."

"நீ என்ன சொன்னாய்?"

"நானும் அவளின்ரை பாணைப் பாத்தன். அதுக்குள்ளை சோஸ் மட்டும்தான். 'வேர் இஸ் யோர்ஸ்?' எண்டு கேட்டன்."

சொல்லிவிட்டு ரோட்டிலேயே குந்தி இருந்து சிரித்தாள். அது அவர்களின் முறைப்படி வெட்டாத இறைச்சியாம், அவர்களுக்கு ஆகாதாம். வாங்குப் பலகையில் தனியே இருக்க விருப்பமில்லாமல் அந்தப் பிள்ளையும் வெறும் பாணுக்கு வரிசையில் நின்றிருக்கிறாள்.

"அம்மம்மா, லீவிலை அவளை வரச் சொல்லட்டோ? ஆனா அவளை ஒருத்தற்றை வீட்டையும் சாப்பிட விடமாட்டினம். வேறை ஆக்களின்ரை இறைச்சி சரிவராதாம்."

"வெள்ளிக்கிழமை வரச் சொல்லு" என்றேன்.

லீவில் வந்த வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளையைத் தாய் தானே கூட்டிக்கொண்டு வந்தாள். தலைக்கு முக்காடு, கையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம். வாசலில் நின்றபடி என்னவோ கேட்டாள். விளங்கவில்லை, ஆனால் என்ன கேட்பாள் என்று தெரியும்தானே. குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய் மரக்கறிச் சட்டிகளைக் காட்டினேன். மச்சச் சட்டிகள் வேறு அலுமாரித் தட்டில் கவிழ்ந்து கிடப்பதையும் காட்டினேன். "ருடே ஃப்ரைடே. நோ மீற். நோ ஃபிஷ்" என்றேன். அவள் சட்டிகளை மாறி மாறிப் பார்த்தாள்.

"எவ்ரி ஃப்ரைடே?"

"எவ்ரி ஃப்ரைடே."

நெஞ்சில் கையை வைத்துத் தலையைச் சரித்தாள். பிள்ளையின் ஜக்கெற்றைக் கழற்றிக் கதிரையில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மகன் வந்து சேர்ந்தது பிறகு. அது பெரிய கதை. வந்த முதல் வெள்ளிக்கிழமையே மருமகன் சிரித்துக்கொண்டு கேட்டார், "மாமி, நேர்த்தி முடிஞ்சுதுதானே, இனி ஆட்டிறைச்சி வாங்கட்டோ?" என்று. "சனிக்கிழமை வாங்கும். இண்டைக்கு அந்தப் பிள்ளை சாப்பிட வருவாள்" என்றேன். இப்போது அந்தப் பிள்ளை என்ன உயரம் என்கிறாய். போன கிழமை இதே கதிரையில்—

இரு பிள்ளை, தூறத் தொடங்கிவிட்டது. கொடியில் மருமகனின் வேலைச் சட்டை முழுக்கக் கிடக்கிறது. அந்தக் கூடையை இங்கே தா.