பேஸ் கித்தாருக்கு எங்கள் வீட்டுக்காரர் வைத்த தலை

பேஸ் கித்தார் செய்து விற்கும் தொழிலில் மரத்தை அறுப்பது சுலபம். அந்த மரத்தைப் பார்க்க வருகிறவர்களின் வாயைத் தாங்குவதுதான் கஷ்டம். வீட்டிலேயே தொழில் நடத்தும் கணவர் வாய்த்த சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தெப்ராவில் எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடம்தான் பட்டறை. கார் தெருவில் வெயிலில் காய்கிறது. இவர் வேலை பார்த்த மேசை நாற்காலி ஆலையை மூடிய பிறகு ஆரம்பித்த கூத்து இது. செய்வது இவர். வருகிறவர்களுக்கு டீ, வாட்சாப்பில் பதில், சோபாவில் படியும் மரத்தூள் எல்லாம் என் இலாகா. கன்வென்ட் சிஸ்டர்கள் எனக்குப் பொறுமையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தார்கள்.

சண்டை முழுக்கத் தலையைப் பற்றித்தான். கித்தாரின் கழுத்து நுனியில் தந்தியை முறுக்கும் சாவிகள் இருக்குமே, அந்தப் பகுதி. இவர் அதைத் தானே வரைந்தார். நான்கு சாவியும் ஒரே பக்கம், நுனி மட்டும் மேல்நோக்கிச் சுருண்டு நிற்கும். "உடம்பு எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கலாம் வசந்தி, தலை நம்மளுதா இருக்கணும்" என்பார். முதல் தடவை பார்த்தபோது எனக்கு எண்ணெயில் பொரித்த வாழைப்பழம், அந்த பீசாங் கோரெங்தான் ஞாபகம் வந்தது. சொல்லியும் விட்டேன்.

சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன் இவருக்கு அங்கே ஒரு வேலை பார்த்து வைத்திருக்கிறார். தீபாவளிக்குள் இந்தத் தலையை ஒருத்தராவது விரும்பிக் கேட்கவில்லை என்றால் பட்டறையை மூடிவிட்டு, விடியுமுன் வேலைக்காகப் பாலம் கடக்கிற கூட்டத்தோடு தானும் சேர்ந்துகொள்வதாக இவர் அண்ணனிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கார் மறுபடி நிழலுக்கு வரும் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மாமனாரின் நம்பிக்கை

பொந்தியானிலிருந்து ஒரு கல்யாண பேண்ட் பையன் வந்தான். சுவரில் மாதிரிக்கு மாட்டியிருந்த பேஸை எடுத்து வாசித்தான், கண்ணை மூடிக்கொண்டான், "சத்தம் தேன் மாதிரி இருக்குண்ணே" என்றான். கண்ணைத் திறந்ததும் தலையைப் பார்த்தான். உடனே கைப்பேசியை எடுத்து, உலகமே அறிந்த ஒரு கம்பெனியின் தலையைக் காட்டி, இதே மாதிரி வேண்டும், அந்தக் கம்பெனியின் பெயரையும் தங்க எழுத்தில் ஒட்டித் தர வேண்டும் என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏதோ பிறந்தநாள் கேக்கில் பெயர் எழுதச் சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகக் கேட்கிறான்!

"அடுத்தவன் பேரை நான் ஒட்ட மாட்டேன் தம்பி" என்றார் இவர். "அது பேர் திருட்டுப்பா" என்றேன் நான். பையன் கோபப்படவே இல்லை. டீயைக் குடித்து முடித்து, என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னான்: "நல்ல பேஸ் வாங்கிட்டேன்னு பொண்ணு வீட்டுல சொல்லிட்டேன்க்கா, பேர் இல்லன்னா மாமனார் நம்ப மாட்டாரு லா."

பிள்ளையார் எந்தப் பக்கம்?

அடுத்து வந்தவர் அம்மாவோடு வந்தார். வயது நாற்பது இருக்கும், வங்கியில் அதிகாரி. பேசியதெல்லாம் அம்மா. பலா மரத்தில் உடம்பு செய்து, பின்பக்கம் பிள்ளையாரைச் செதுக்க வேண்டுமாம். எப்போதும் சாமி மகனை ஒட்டியே இருக்குமாம்.

இவர் பென்சிலை எடுத்துவிட்டார். நான்தான் குறுக்கே விழுந்தேன். "அம்மா, பேஸோட பின்பக்கம் உங்க மகனோட வயித்துலதான் உரசும். வேர்வை வழியும். பெல்ட் கொக்கி பிள்ளையார் மூக்குல இடிக்கும்." அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். சரி, முன்பக்கம் வைக்கலாம் என்றார். முன்பக்கம் வைத்தால் வாசிக்கும்போதெல்லாம் மகன் சாமியை விரலால் சுண்டிக்கொண்டே இருப்பார் என்றேன். மகன் முதல் முறையாக வாயைத் திறந்து, "நான் பூவே போதும்னுதான் சொன்னேன்" என்றார். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. பட்டறையை ஒரு சுற்றுப் பார்த்தார். சுவரில் இருந்த பேஸில் அவர் கண் நின்றது. முகம் மலர்ந்தது. "அப்ப தலையிலயே வைங்க, உங்க வீட்டுக்காரரு செஞ்சது எப்படியும் தும்பிக்கை மாதிரிதானே இருக்கு!"

தேவாலயக் கமிட்டி

பாடல் குழுவைக் கவனிக்கும் ஓர் அம்மையார், தேவாலயத்துக்கு பேஸ் வாங்க வந்தார். தலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் மனதுக்குள் நன்றி சொல்வதற்குள், உடம்பில் மேலேயும் கீழேயும் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கொம்புகளைக் காட்டினார். இரண்டையும் வெட்டிவிட வேண்டுமாம். பீடத்துக்குப் பக்கத்தில் கொம்பு வைத்த சாமானோடு நின்றால் கமிட்டி சும்மா இருக்காதாம்.

இவர் பொறுமையாக விளக்கினார். தோள்வாரை மாட்டுவதே மேல் கொம்பின் நுனியில்தான். அதை வெட்டினால் வாரைப் பின்னால் தள்ளி மாட்ட வேண்டும். கையை எடுத்தவுடன் கழுத்து தொப்பென்று தரையைப் பார்த்துச் சாயும். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? "ஆட்டுக்கடாவுக்கும்தான் கொம்பு இருக்கு, அதையும் ஆண்டவர்தானே படைச்சாரு?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எந்தக் கன்வென்ட் என்று கேட்டார். சொன்னேன். அதன்பின் குரலைத் தாழ்த்தி, பேரம் படிகிற தொனியில் சொன்னார்: "மேல் கொம்பு இருக்கட்டும் சிஸ்டர், ஒத்தைக் கொம்பா இருந்தா சாத்தான் இல்லன்னு கமிட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்."

தலையே வேண்டாம்

தீபாவளி நெருங்கிவிட்டது. பேஸை முதுகில் மாட்டிக்கொண்டு தினமும் பஸ்ஸில் சிங்கப்பூர் போய் வரும் பொறியாளர் ஒருத்தர் வந்தார். வேலை முடிந்து அங்கேயே நண்பர்களோடு வாசிப்பவர். சாவிகளை உடம்புக்குக் கொண்டுவந்துவிட்டு, கழுத்தை மொட்டையாக வெட்டி முடிக்கச் சொன்னார். அப்படியும் பேஸ்கள் உண்டு. ஆனால் அதை இவரிடமா கேட்பது? இவர் டீக் கோப்பையை வைத்துவிட்டு பட்டறைக்குள் போய், தலை வெட்டுவதற்கான அச்சுப் பலகையை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். அந்தச் சத்தம் கூடத்துக்கே கேட்டது.

எனக்கு வந்ததே கோபம்! "தலை இல்லாம அது என்ன கித்தாரு, துடைப்பக் கட்டையா?" என்று கத்திவிட்டேன். பீசாங் கோரெங் என்று சொன்னது நான்தானா என்று எனக்கே அதிர்ச்சி. அந்த மனிதர் அசரவில்லை. "கோபப்படாதீங்கக்கா, பாஸ்போர்ட் காட்டுற குடிநுழைவு வரிசையில அந்தத் தலை பின்னாடி நிக்கிறவன் மூக்கைக் குத்துது."

கூலாய்த் திருவிழா

பக்கத்து ஊர் கூலாயில் சேகர் என்று ஓர் உருமி மேளக் குழுத் தலைவர். இப்போது உருமியோடு கீபோர்டும் பேஸும் சேர்ந்துவிட்டன. தீபாவளிக்கு முன் அங்கே நடந்த கோயில் திருவிழாவுக்கு முதல் நாள் அவர்கள் பேஸின் கழுத்து விரிசல் விட்டுவிட்டது. பதறிக்கொண்டு வந்து, சுவரில் இருந்த மாதிரியை இரவல் கேட்டார். இவர் கொடுத்தார். "எப்படியும் மூடப்போற கடை" என்றார். மறுநாள் நாங்களும் போனோம்.

வாசிக்குமுன் பூசாரி எல்லா வாத்தியத்துக்கும் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டார். வருஷா வருஷம் பேஸுக்குப் போடுகிற மாலை, ஆட்டத்தில் நழுவித் தலை வழியாகக் கீழே விழுந்து யார் காலிலாவது மிதிபடுமாம். சாமி மாலையை மிதித்த குழு என்று மற்ற குழுக்காரர்கள் கேலி செய்வார்களாம். இந்த வருஷம் லாரியில் நின்று குதித்துக் குதித்து வாசித்தார்கள். லாரி குண்டு குழியெல்லாம் இறங்கி ஏறியது. மாலை அசையவில்லை! இவர் வைத்த சுருளில் சொகுசாக மாட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தது. ஆட்கள் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுத்தது சாமியையா தலையையா என்று எனக்கே சந்தேகம். ஊர்வலம் முடிவதற்குள் வேறு மூன்று குழுக்காரர்கள் இவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அதே தலைதான் வேண்டுமாம். வேறு தலை வைத்தால் வாங்க மாட்டார்களாம்.

தந்தி நேராக ஓட வேண்டும், எடை கூடக் கூடாது, பார்த்தவுடன் இது இன்னார் கை என்று தெரிய வேண்டும் என்று இவர் ராப்பகலாக வரைந்த தலை, பூ மாட்டும் கொக்கியாகிவிட்டது. அழுவாரா சிரிப்பாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கைப்பேசியை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டு, "மச்சான், நான் வரல" என்று மட்டும் சொல்லி வைத்தார். அப்போது வேர்த்து விறுவிறுக்க லாரியிலிருந்து குதித்து வந்த சேகர், இவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அண்ணே, எனக்கு செய்யறப்ப அந்த வளைவை இன்னும் கொஞ்சம் பெருசா வைங்க, எலுமிச்சம்பழ மாலையும் சேத்துப் போடணும்."

சகோதரிகளே, உங்கள் கணவர் செய்த பொருளை உலகம் தப்பான காரணத்துக்காகக் கொண்டாடினால், திருத்தப் போகாமல் ஆர்டரை எழுதிக்கொள்ளுங்கள்.