பேட்டரித் தண்ணீர் குடிக்கும் செடி

பார்சலைப் பிரித்தபோது அம்மா இருந்தாள், பெரியப்பா இருந்தார். அப்பா இல்லை. கெடார் பக்கத்து எங்கள் கொல்லைக்காட்டில் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, களை வெட்டிக்கொண்டிருந்தார்.

ஈரப் பாசியில் சுற்றிய செடி. ஓர் இலையின் நுனியில் மட்டும் விரல் நீளக் குடுவை, மூடியோடு தொங்கியது.

"இன்னாடா இது?" என்றார் பெரியப்பா.

"குடுவைச் செடி. பூச்சியப் புடிச்சுத் தின்னும்."

"கொசுவத் தின்னுமா? அப்ப இருந்துக்கினு போவட்டும்" என்றாள் அம்மா.

"நீ ஒருத்தி. உசுரத் தின்ற செடிய ஊட்டுக்குள்ள வெப்பாங்களா? நாளைக்குப் பொண்ணு குடுக்க வர்றவன் பாத்தா இன்னா நெனைப்பான்? எவ்ளோடா குடுத்த?"

"இருநூறு" என்று பொய் சொன்னேன்.

"போனா போவுது. தூக்கிக் குப்பையில போடு."

"போட மாட்டேன்."

எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். தாவரவியல் தேர்வுகளில் இந்தக் குடுவையை வரைந்து, பாகங்களைக் குறித்து, முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். உயிரோடு ஒன்றைப் பார்த்ததில்லை. பார்க்காததை வரைந்தே பட்டம் வாங்கியவனாக இருந்துவிட எனக்கு இஷ்டமில்லை. திண்டிவனத்தில் கல்லூரி ஆய்வக வேலை கிடைத்ததும் முதல் சம்பளத்தில் வாங்கினேன்.

எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. இந்தச் செடிக்கு ஆகாது. இன்வெர்ட்டருக்கு ஊற்றும், உப்பு நீக்கிய பேட்டரித் தண்ணீரைக் கேனில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். "எம்.எஸ்சி. படிச்சிட்டு ஆசிட் ஊத்திக்கினு கெடக்குறான்" என்று பெரியப்பா டீக்கடையில் சொல்லிச் சிரித்தாராம். அது ஆசிட் இல்லை என்று அதே டீக்கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தால் ஜன்னலோரம் செடி கருகிக் கிடந்தது. குடுவை சுருங்கிவிட்டது. பாசியின்மேல் வெள்ளையாக யூரியா மணிகள்.

"யாரு போட்டது?" கத்தினேன்.

"நான்தான். வெளுத்துக் கெடந்துச்சு. ஒரு சிட்டிகை வெச்சேன்" என்றார் அப்பா. "எந்தப் பயிருக்குத்தான் வாணாம்?"

"இதுக்கு வாணாம்பா. மண்ணுல சத்து கெடைக்காத எடத்துல வளர்ற செடி. அதுக்குத்தான் பூச்சியப் புடிக்குது."

அப்பா பாசியிலிருந்து ஒரு யூரியா மணியைக் கிள்ளி எடுத்தார். "அப்ப பட்டினி போட்டாதான் பொழைக்குமா?"

கருகியதை வெட்டினேன். பாசியை மாற்றி, இருந்த தண்ணீர் முழுவதையும் ஊற்றி வேரைக் கழுவினேன். மறுநாள் அப்பா விழுப்புரம் போய், இரண்டு கேன் பேட்டரித் தண்ணீரை மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்து ஜன்னலடியில் வைத்தார்.

இரண்டு மாதம் வெறும் தண்டுதான். பிறகு அடியில் ஒரு துளிர். அதன் நுனியில் சுண்டுவிரல் அளவுக் குடுவை திறந்த வாரம் பெரியப்பா வந்தார். உள்ளே ஓர் எறும்பு மிதந்தது.

"இன்னும் இத்தத் தூக்கிப் போடலியா? நெசமா சொல்லு, இருநூறுதானா?"

"இல்ல பெரியப்பா. அன்னிக்குப் பொய் சொன்னேன். செடி எழுநூத்தம்பது, பாசி முந்நூறு, தண்ணி ரெண்டு கேன் எரநூத்தி நாப்பது. மொத்தம் ஆயிரத்து எரநூத்தித் தொண்ணூறு."

அம்மா வாயில் கை வைத்தாள். அப்பா செடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நான் வாங்கியாந்த ரெண்டு கேனையும் சேத்துச் சொல்லுடா."

"அப்ப ஆயிரத்து ஐந்நூத்தி முப்பது" என்றேன்.