கன்னிக்காலுக்குக் கொடுத்த ஆஸ்பென் தடி

‘ஏப்ரல் 6, ஞாயிறு. காலை 10.20. குகன் வீட்டுக்கு ஆஸ்பென் தடி ஒன்று கொடுத்தது. நாலரை அடி நீளம், பெருவிரல் பருமன். மொட்டுகள் இன்னும் திறக்கவில்லை.’

என் தோட்டக் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது. நேரம், நீளம், பருமன் எல்லாம் சரி. ஒன்றைத்தான் விட்டுவிட்டேன் – அந்தத் தடி வேர் விடுமா?

குகன் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். சுவிஸிலிருந்து லண்டனில் எங்கள் ரெய்னர்ஸ் லேனுக்கு வந்து எலெக்ட்ரிஷியன் தொழில் செய்கிறார். அவர் மகனுக்குக் கல்யாணம். தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கல் அன்று வீட்டின் ஈசான மூலையில் கன்னிக்கால் ஊன்ற வேண்டும். ஊர் என்றால் முள்முருக்கந்தடி. இங்கே அதற்கு எங்கே போவது?

குகனின் மனைவி வதனி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“அண்ணை, உங்கட மரத்தில ஒரு பச்சைத் தடி தருவியளோ? ஐயருக்கு எந்த மரமெண்டாலும் பரவாயில்லையாம். துளிர்க்கிற சாதியா இருக்கட்டாம்.”

துளிர்க்கிற சாதியா? என்னிடமா கேட்கிறார்!

எங்களுடையது மூலை வீடு. தோட்டம் நீண்டுகொண்டே போகும். அதன் கோடியில் மூன்று ஆஸ்பென் மரங்கள். அரசிலையின் வாலை நறுக்கி வட்டமாக்கினால் ஆஸ்பென் இலை. காம்பு தட்டையானது, அதனால் காற்று இருக்கிறதா என்று நாம் யோசிக்கும்போதே இலைகள் ஆடத் தொடங்கிவிடும். வீட்டிலிருந்தும் வடிகால் குழாய்களிலிருந்தும் நன்றாகத் தள்ளி நடவேண்டும். வெயில் வேண்டும். முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் வேண்டும். பிறகு மரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் – நாம்தான் மரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேர் ஓடுகிற இடமெல்லாம் கன்று வரும். புல்வெளியில் வரும், கத்தரிப் பாத்தியில் வரும், ஷெட் வாசலில் வரும். வெட்டினால் மறுபடி முளைக்கும். வேரோடு சேர்த்துப் பிய்க்க வேண்டும். ஞாயிறுதோறும் எண்ணிப் பிய்ப்பது என் வழக்கம்.

இப்படிப்பட்ட மரத்தின் தடி துளிர்க்காமல் போகுமா? நம்பிக் கொடுத்தேன். மஞ்சள் துணியில் காசு முடிந்து கட்டினார்கள். நவதானியம் இட்டார்கள், பால் ஊற்றினார்கள். கன்னிக்கால் துளிர்த்தால் பிள்ளைகளின் குடும்பமும் தழைக்கும் என்பது நம்பிக்கை.

அன்று பின்னேரம்தான் புத்தகத்தைத் திறந்தேன். வில்லோ மரத்தின் தடியை ஈர மண்ணில் குத்தினால் போதும், வேர் விடும். ஆஸ்பெனின் நெருங்கிய உறவான பாப்ளர் மரங்களில் பல வகைகளும் அப்படியே. ஆனால், அந்தக் குடும்பத்திலேயே பிடிவாதக்காரன் ஆஸ்பென். வேரிலிருந்து வா என்றால் ஊர் முழுக்க வருவான். தடியை நட்டால்... மிக அரிது.

படிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தெரியாததைத்தான் புத்தகத்தில் தேடுவோம். தெரியும் என்று நினைப்பதைத் தேடவே மாட்டோம்.

மே மாதத் தொடக்கத்தில் மொட்டு வெடித்தது. வதனிக்குப் பிடிபடாத சந்தோஷம். எனக்குத்தான் உண்மை தெரியும். அது தடிக்குள் மிச்சமிருந்த சத்து. வேரின் வேலை அல்ல. மே 18, ஞாயிறு: ‘இலைகள் கருகிவிட்டன.’

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கல்யாணம் முடிந்து, லண்டனின் இன்னொரு மூலையான எட்மண்டனில் தனிக்குடித்தனம் போன மகனுக்கும் மருமகளுக்கும் இடையில் ஏதோ மனத்தாங்கல். வதனி இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்.

“பெடியன் நேற்றும் போன் எடுக்கேல்லை, அண்ணை. இஞ்ச தடியும் காயுது. நான் சாப்பிட்டு ரெண்டு நாள்.”

என் மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“போய்ச் சொல்லுங்கோவன், பிழையான தடியைத் தந்திட்டன் எண்டு. எல்லாம் தெரிஞ்ச மனிசன் ஒருக்காப் பிழை விட்டால் உலகம் அழியாது.”

சொல்வதற்கு எனக்கு நாலு ஞாயிறு பிடித்தது. ஜூன் 15, காலை 11 மணி. வசனங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போய் மணியடித்தேன். நான் வாய் திறக்கும் முன்பே வதனி என்னை ஈசான மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

மஞ்சள் துணியோடு தடி நின்றது. அதன் அடியில், தடியை ஒட்டியபடி, முழங்கால் உயரத்தில் ஒரு பச்சைக் குருத்து.

“அடியால துளிர்த்திருக்கு, அண்ணை! மருமகளுக்குப் படம் அனுப்பினன். சிரிச்சு வொய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறா. ரெண்டு பேரும் சனிக்கிழமை சாப்பிட வருகினமாம்.”

குனிந்து இலையைப் பார்த்தேன். பெரியது, கூர் நுனி, மெல்லிய மயிர். என் மரத்துக் கிளையின் இலையோ வட்டம். இந்தக் கூர் இலை வேர்க்கன்றுக்கு உரியது. அப்படியானால் இது தடியின் துளிர் அல்ல.

என் மரத்தின் வேர் வேலிக்கு அடியால் வந்து, இவ்வளவு பெரிய தோட்டத்தில், சரியாக இந்த இடத்திலா தலை நீட்டும்? நீட்டலாம். முப்பது அடி அந்த வேருக்கு ஒரு தூரமே இல்லை. ஆனால் என் பக்கத்திலும் ஒரு கணக்கு உதைத்தது. போன ஞாயிறு மழையில் பிய்க்காமல் விட்ட கன்றுகள் பதினொன்று. இன்று காலை பத்து.

குகனைத் தனியாகப் பிடித்து, இது யாராவது கொண்டுவந்து நட்டதா என்று கேட்டேன்.

“அண்ணை, நான் வயர் இழுக்கிறவன். வேர் இழுக்கிறதெல்லாம் உங்கட டிப்பார்ட்மென்ட்” என்றுவிட்டுத் தன் வேனுக்குள் ஏறிவிட்டார்.

மனைவியிடம் கேட்டேன், “பின்னால நிண்ட கன்று ஒண்டைப் பிடுங்கினீரோ?”

“பிடுங்கிறதுக்குத்தானே அதுகள் வருது. அதையும் நீங்கள் எண்ணுறியளோ?”

இது ஓமா, இல்லையா? இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கைக்குப் பிறகும் எனக்கு விளங்கவில்லை.

மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தினால் போதும். வேர் வேலிப் பக்கமாகப் போகிறதா, அறுந்து நிற்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால், சொன்னபடி சனிக்கிழமை வந்த மருமகள் தன் கையால் அதற்குத் தண்ணீர் ஊற்றினாளாம். வேலிக்கு இந்தப் பக்கம் வரைக்கும் அவர்களுடைய சிரிப்பு கேட்டது. அந்த மூலைக்கு மண்வெட்டியோடு போக எனக்கு மனம் வரவில்லை.

‘ஜூன் 21, சனி. மாலை 6.40. குகன் வீட்டுக் கன்று இரண்டு அடி. வந்த வழி – இன்னும் சரிபார்க்கப்படவில்லை.’