எலி கடித்த உல்லன்

உஷாராணியிடம் எப்போதும் நாலைந்து பின்னல்கள் பாதியில் நிற்கும். போன ஆடியில் நின்றவை இவை: ஜோடி சேராத ஒரு குழந்தைக் காலுறை, டி.வி. மேல் விரிக்கவென்று தொடங்கி அகலம் கூடிப்போன ஒரு துணி, தனக்கென்றே அளவெடுத்துப் போட்டுத் தோள்வரை வந்ததும் அலுத்துப்போன ஒரு மேல்சட்டை. எல்லாம் தையல் மெஷினுக்கு அடியில் ஒரு கட்டைப்பைக்குள் கிடந்தன.

நாற்பத்தாறு வயதில் அவளுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு இது. போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். ஆட்டையாம்பட்டியில் அவர்கள் வீட்டை ஒட்டியே கணவன் மோகன்குமாரின் தறிப்பட்டறை; எட்டு விசைத்தறிகளில் துண்டு ஓடும். நூலுக்குக் குறைவில்லை. மிஞ்சிய கோன்களிலிருந்து நாலு இழைகளைச் சேர்த்து இழுத்துப் பின்னுவாள். ஆனால் பருத்தி, இழுத்தால் நீளுமே தவிரத் திரும்பிச் சுருங்காது. உல்லன்தான் ஊசியில் உயிரோடு இருக்கும் என்று அவளுக்கு ஓர் எண்ணம். சேலத்து வெயிலில் உல்லன் யாருக்கு வேண்டும்? அதனால் அது டைரியில் எழுதிவைத்த திட்டமாகவே இருந்தது. ஏற்காட்டில் விற்கக் குல்லாய்கள், சேலத்தில் பெண்கள் நடத்தும் கண்காட்சியில் ஒரு மேசை, அங்கே தொங்கவிட ஒரு முழு நீளச் சால்வை.

அந்த ஆடியில்தான் மாரக்காள் உல்லன் கொண்டுவந்தாள்.

மாரக்காள் அந்தப் பட்டறையில் இருபத்தெட்டு வருடமாகத் தார் சுற்றுகிறாள். தறியின் நாடாவுக்குள் வைக்கும் சிறு குச்சிகளில் நூல் சுற்றித் தரும் வேலை. உஷாராணியைவிடப் பத்து வயது மூத்தவள். இருந்தும் உஷாராணி அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அவள் உஷாராணியை அம்மிணி என்பாள். மாரக்காளின் மகன் மணிமாறன் போர்வெல் ரிக் வண்டியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். தீபாவளி கழிந்ததும் வண்டி வடக்கே போகும்.

“அங்க மார்கழில ராத்திரிப் பூரா துளை போடோணுமாமுங்க. நீங்க பின்னறதப் பாத்திருக்கறேன். பையனுக்கு ஒரு சொட்டர் போட்டுக் குடுங்க அம்மிணி” என்று பையை நீட்டினாள்.

அரளி இலைப் பச்சை. சேலத்தில் நூல் கற்றையாக, சிட்டமாக வாங்கி, பட்டறை இயந்திரத்திலேயே உருண்டை சுற்றியிருந்தாள். உல்லன் மெத்தென்றிருந்ததால் நாலைந்து இடத்தில் அறுந்துவிட்டதென்று வெட்கத்தோடு சொன்னாள். அறுந்த இடங்களில் அவள் போட்டிருந்த முடிச்சு எள்ளைவிடச் சிறியது. பின்னுகிறவர்கள் முடிச்சின் வாலை நீளமாக விட்டுப் பிறகு உள்ளே கோத்து மறைப்பார்கள். தார் சுற்றுகிறவளோ வாலை ஒட்ட நறுக்கிவிடுவாள். இல்லையென்றால் தறியில் சிக்கும்.

உஷாராணி அன்றைக்கே தொடங்கினாள். முதுகுப் பக்கம் இரண்டு சாண் ஏறியது. வேலை நன்றாகவே வந்தது.

புரட்டாசியில் மல்லசமுத்திரத்திலிருந்து நங்கை தனப்பிரியா வந்தாள், மோகன்குமாரின் அக்கா. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் உஷாராணியின் சமையலையோ கோலத்தையோ அவள் ஒருமுறையும் நன்றாக இருக்கிறதென்று சொன்னதில்லை. அவள் ஊசியில் நின்ற பச்சையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“ஏனுஷா, இது நீ போட்டதா? கடைச் சாமானாட்ட இருக்குது! நான் ஐப்பசில கேதார்நாத் போறனல்லோ. இதே கலர்ல எனக்கொரு சால்வை போட்டுக் குடு சாமி.”

சேலத்துக்கு பஸ்ஸில் நாற்பது நிமிடம். அதே கடையில் அதே பச்சை கிடைத்திருக்கும். உஷாராணி போகவில்லை. ஏன் போகவில்லை என்று பின்னால் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். தேவைக்காக எடுத்தவளுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருக்கும். அவளுக்கு அதுவும் இல்லை. நங்கையின் வாய் குளிர்ந்திருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும் இருந்தது. அதற்கடியில், மாரக்காளுடையதுதானே, பொறுக்கும் என்ற எண்ணம். அந்த ‘தானே’யை அவள் நினைக்கக்கூட இல்லை, அது முன்பே அங்கே இருந்தது. பின்னிய இரண்டு சாணையும் பிரித்துவிட்டுச் சால்வைக்கு ஊசியில் கண்ணி போட்டாள்.

சால்வை கேதார்நாத் போன பிறகு ஒருநாள் டீ வேளையில் மாரக்காள் கேட்டாள்.

“மணியோட சொட்டர் எவ்வளவு ஆச்சுங்க அம்மிணி?”

“எலி கடிச்சுப்போட்டுது மாரக்கா.”

“பூராமுங்களா?”

“பூராமும். கொதறிப்போட்டுது. குப்பைல போட்டுட்டேன்.”

மாரக்காள் டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, “உங்க கை ஒழைப்பும் வீணாப் போச்சுங்களே. விடுங்க, மனசு சங்கட்டப்படாதீங்க” என்றாள். மறுநாள் காலையில் தன் வீட்டிலிருந்து ஓர் எலிப்பெட்டி கொண்டுவந்து, கருவாட்டுத் துண்டு ஒன்றை மாட்டி, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அதில் எலி எதுவும் விழவில்லை. வாரம் ஒருமுறை மாரக்காள் வந்து கருவாட்டை மட்டும் மாற்றினாள்.

உஷாராணி மணிமாறனுக்குப் பருத்தியில் அவசரமாக ஒரு சொட்டர் போட்டாள். உறுதியாக இருக்கட்டுமென்று தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை எடுத்தாள். அது கஞ்சி போட்ட நூல். பின்னும்போது விறைப்பாக, அளவு பிசகாமல் வந்தது. முதல் துவைப்பில் கஞ்சி போனதும் சொட்டர் தொளதொளத்து முழங்கால்வரை சரிந்துவிட்டது. மார்கழியில் மணிமாறன் வீடியோவில் வந்தான். பட்டறையே மாரக்காளின் போனைச் சுற்றி நின்றது. உஷாராணியைக் கண்டதும் சொன்னான்:

“அக்கா, நைட்டி சூப்பரா இருக்குதுங்க! முழங்காலுக்குக் குளுரே தெரியல. நெஞ்சுதான் நடுங்குது!”

எல்லோரும் சிரித்தார்கள். உஷாராணியும் சிரித்தாள். அவன் உதடு வெடித்திருந்ததை அவளும் பார்த்தாள்.

தை மாதம் தனப்பிரியா வந்தாள், தோளில் சால்வையோடு. தம்பியைப் பார்க்கப் பட்டறைக்குள் நுழையும்போது பஞ்சு ஒட்டுமே என்று சால்வையைக் கழற்றி, அருகில் இருந்த மாரக்காளிடம் கொடுத்தாள்.

“இதச் செத்த புடி. எம் பொறந்தவன் பொண்டாட்டி எனக்காவத் தேடித் தேடி வாங்கின உல்லன். யாத்திரைல அத்தன பேரும் கேட்டாங்க.”

மாரக்காளின் விரல்கள் பழக்கத்தில் சால்வையின் மேல் ஓடின. ஓரிடத்தில் நின்றன. அவள் சால்வையைப் புரட்டி உள்பக்கத்தைப் பார்த்தாள். இன்னொரு இடத்தையும் தடவிப் பார்த்தாள். வாலை ஒட்ட நறுக்கிய எள்ளளவு முடிச்சு.

உஷாராணி வாசற்படியில் நின்றிருந்தாள். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

“நல்ல உல்லனுங்க” என்றாள் மாரக்காள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும்போது வீட்டுக்குள் வந்து, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த எலிப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த இடத்தில் தரையில் நாலு மூலையும் தெரிய ஒரு தூசிக் கட்டம் இருந்தது. உஷாராணி இரண்டு நாள் அதைப் பெருக்கவில்லை. புது உல்லன் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று முதலில் தோன்றியது. அதைவிட நல்லதாகவே வாங்கலாம். ஆனால் அப்படிக் கொடுத்தால் நங்கையின் தோளில் அந்தப் பொய் அப்படியே கிடக்கும் என்பதும், தனக்கு உள்ளூர வேண்டியிருப்பதும் அது அப்படிக் கிடப்பதுதான் என்பதும் அவளுக்குத் தெரிந்தன.

மூன்றாம் நாள் மல்லசமுத்திரத்துக்கு பஸ் ஏறிப் போய், நடந்ததைச் சொல்லிச் சால்வையைத் திருப்பிக் கேட்டாள். தனப்பிரியா கேட்டு முடிக்கும்வரை கண் இமைக்கவில்லை.

“தார் போடறவ உல்லனயா எம்மேல போத்தி உட்டே? அதும் சாமி சன்னிதி வரைக்கும்?”

“தப்புத்தானுங்க நங்கையா.”

“மகராசி, வேற ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டு வாய மூடிட்டு இருந்திருக்கலாமல்லோ. என்னய எதுக்கு நடுவுல இழுக்கறே?” என்று சால்வையை மஞ்சள் பையில் திணித்தாள். “இனி எனக்கு நீ ஒண்ணும் பின்ன வேண்டாம்.”

வீட்டுக்கு வந்து சால்வையைப் பிரித்தாள். பின்னிப் பிரித்த உல்லன் நேராக வராது. நூடுல்ஸ் போலச் சுருண்டு சுருண்டு வந்தது. அதை அப்படியே கூடையில் அள்ளி, தறிகள் ஓடும்போதே பட்டறைக்குள் கொண்டுபோனாள். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேசவேண்டும். அதனால் சொன்னது நாலு பேர் காதிலும் விழுந்தது.

“எலி ஒண்ணும் கடிக்கல மாரக்கா. நாந்தான் எடுத்துட்டேன்.”

மாரக்காள் கூடையை வாங்கினாள். ஒரு முனையைத் தேடிப் பிடித்து இயந்திரத்தில் கோத்து, சுருளெல்லாம் இழுபட மெதுவாகச் சுற்றினாள். மூன்று இடத்தில் அறுந்தது. மூன்று முடிச்சுப் போட்டாள். எல்லாம் சுற்றி முடிய மத்தியானம் ஆனது. உஷாராணி அங்கேயே நின்றாள். சொட்டர் போட உருண்டைகளை அள்ளிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பியவளை மாரக்காள் தடுத்தாள். தன் பக்கத்தில் கிடந்த காலி நூல் பெட்டியைக் காலால் நகர்த்திவிட்டாள்.

“இங்கயே உக்காந்து போடுங்க அம்மிணி. எலி வராம நான் பாத்துக்கறேன்.”

கோன் மாற்ற வந்த ஆள் சிரித்துவிட்டான். மாரக்காள் சிரிக்கவில்லை. உஷாராணி பெட்டிமேல் உட்கார்ந்து ஊசிகளை எடுத்தாள். நூற்றுப்பத்துக் கண்ணி போடவேண்டும். அறுபதில் எண்ணிக்கை தப்பியது. உருவிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.