மண் அணையில் ஒரு மலைவீடு

வீட்டுப் படம் கீறுற தொழிலில இருக்கிறவைக்கு நெஞ்சு கொஞ்சம் உரமா இருக்கவேணும். என்னை மாதிரி அந்தரப்பட்ட ஆக்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

மன்னாரில மலை

மீள்குடியேறித் தகரக் கொட்டிலில இருந்த தவமணி அக்கா, சுவிசில இருக்கிற தம்பி அனுப்பின போட்டோ ஒண்டைக் கொண்டு வந்தா. செங்குத்தான மலைச்சரிவில ஒரு நவீன வீடு. றோட்டால உள்ளுக்குப் போனால் மேல்மாடி. அறையள் படிப்படியாக் கீழ இறங்குது. அதே மாதிரித் தனக்கும் வேணுமாம். எனக்குத் தலை சுத்திப்போச்சு. மன்னாரில ஏறி நிண்டு கடலைப் பாக்கவே ஒரு மேடு கிடையாது எண்டு சொல்லிப் பாத்தன். மனுசி கேக்கேல்லை. காணிக்குக் கூட்டிக்கொண்டு போய், சண்டைக் காலத்தில போட்ட மண் அணையைக் காட்டினா. ரெண்டு ஆள் உயரத்தில காணிக்குக் குறுக்கால கிடக்கு. கண்ணிவெடி எடுத்து முடிஞ்ச இடந்தான், எண்டாலும் எனக்குக் கால் கூசினது.

"இந்தா மலை. கீறுங்கோ பிள்ளை."

கந்தோரில

கீறக் கீற எனக்கும் ஆசை வந்திட்டுது. மேல வாசல், கீழ குசினி, மண் சரியாமல் தாங்கச் சுவர், எல்லாம் போட்டு வடிவாக் கீறிக்கொண்டு போனன். வீட்டுத்திட்டப் படங்களுக்குக் கையெழுத்து வைக்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர், ரீ.ஓ. ஐயா, பாத்திட்டு மூக்குக்கண்ணாடியைக் கழட்டிப்போட்டார். அணையைத் தட்டி மட்டமாக்கினால்தான் வீடாம்; இல்லாட்டி வீட்டுத்திட்டப் பட்டியலில அக்கான்ர பேரை வெட்டி வேற ஆளுக்குக் குடுத்திடுவினமாம்.

"அது மலையில்லைப் பிள்ளை, சண்டை. இடிச்சுப்போட்டு வாங்கோ."

பெக்கோ வந்த நாள்

மண் வெட்டுற பெக்கோ வந்து நிக்க, அக்கா அணைக்கு முன்னால போய்க் குந்தியிட்டா. எழும்பமாட்டாவாம். எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. கிடைக்கிற வீட்டையும் கெடுக்கிறியளே எண்டு ஏசிப்போட்டன். பாக்க வந்த ஐயாவும் சினந்துகொண்டு நிண்டார். அதுக்குள்ள பெக்கோக்காரன் அணையின்ர மற்றத் தொங்கலில ஒரு வாளி அள்ளிப்போட்டான். மண்ணோட சேந்து நீலப் பெயின்ற் அடிச்ச யன்னல் நிலை ஒண்டு விழுந்தது. பிறகு சிவப்புச் சீமெந்து நிலம், துண்டு துண்டா. இவ்வளவு நாளும் மனுசி வாயே திறக்கேல்லையே.

"என்ர வீட்டை அள்ளித்தான் இதைக் கட்டினவங்கள். இன்னொருக்கா இடிக்கச் சொல்லுறியளோ?"

கையெழுத்து

ஐயா பெக்கோவை நிப்பாட்டச் சொன்னார். பிறகு, அணையின்ர அடியில நல்ல நிலத்தில அத்திவாரம் போட்டு, அணையோட ஒட்டினபடி வீட்டை எழுப்பலாமோ எண்டு கேட்டார். ஏலும் எண்டன். எனக்கு அழுகை வந்திட்டுது, நான் மறைக்கேல்லை. அவர் படத்தை வாங்கி, மேல நான் எழுதியிருந்த 'புதுவீடு' எண்டதை வெட்டினார்.

"திருத்தவேலை எண்டு எழுதுங்கோ. அவவின்ர வீடு இஞ்சதானே கிடக்கு."

இப்ப ஆரும் படம் கீறச் சொல்லி வந்தால், கட்டப்போற வீடு எங்க எண்டு கேக்க முன்னம், கட்டின வீடு எங்க கிடக்கு எண்டுதான் நான் கேக்கிறனான்.